நடுங்கும் கையால் போட்ட தீனி

என் அருமை அண்ணனுக்கு,

இன்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்பவள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாயே, அந்த ஸ்டெல்லா இன்று உன் பாம்பின் முன்னால் எலியை நீட்டிக்கொண்டு நின்றாள். தனியாக.

பனி உறைந்த சாலையில் சைக்கிள் சறுக்கி நீ வீடு திரும்பாமலே போனபோது, இந்த வீட்டில் மிஞ்சியது நானும் உன் பாம்பு சொர்ணமும்தான். உன் புத்தகங்களை நண்பர்கள் எடுத்துக்கொண்டார்கள். உடைகளை நான் தேவாலயத்தில் ஏழைகளுக்கென்று கொடுத்துவிட்டேன். பாம்பை மட்டும் யாரும் கேட்கவில்லை. அப்போது கேட்டிருந்தால் பெட்டியோடு தூக்கிக் கொடுத்திருப்பேன், கோபித்துக்கொள்ளாதே.

நாகர்கோவிலிலிருந்து நர்ஸ் வேலைக்கென்று கொலோனுக்குத் தனியாக விமானம் ஏறியவள் நான். ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்கு என் கையால் கண்ணை மூடிவிட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பெட்டி இருந்த உன் அறைக்குள் மட்டும் என் கால் நுழையாது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, மலைப்பாம்பில் சின்ன இனம், விஷமில்லை, பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான் என்றாய். "அது உன்னவிடப் பயந்தது, பிள்ள." அதை எந்தத் தராசில் நிறுத்துப் பார்த்தாய், அண்ணா?

நீ போனபிறகு அது தின்னவில்லை. உன்னோடு ஆய்வுக்கூடத்தில் இருந்த டீட்டர்தான் வாராவாரம் வந்து பார்த்தான். எண்ணெய்த் தட்டுப்பாட்டில் ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தபோது நடந்தே வந்தான், நல்ல பையன். செத்த எலிகளைக் காகிதப் பையில் கொண்டுவருவான். அதை நான் குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். வெந்நீரில் சூடாக்கித் துடைத்து, நீண்ட இடுக்கியில் பிடித்து அவன் அசையாமல் நீட்டுவான், நான் கதவுக்கு வெளியே நின்று பார்ப்பேன். சொர்ணம் தலையை இழுத்துக்கொள்ளும், பந்து இன்னும் இறுகும், எலி ஆறிப்போகும்.

எண்ணெய் விலை ஏறியதென்று வீட்டுக்கார அம்மாவும் வீட்டைச் சூடாக்கும் வெப்பத்தைக் குறைத்துவிட்டாள். நீ மாட்டிய பல்பு ஒன்றுதான் பெட்டிக்குச் சூடு. அது அணைந்துவிட்டால் என்ன ஆகுமோ என்று வார்டில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அதே நினைப்புதான். பாம்பு இருக்கிறதே என்றும் பயம், செத்துவிடுமோ என்றும் பயம். இதை வெளியே சொன்னால் யார் நம்புவார்கள்?

போன வாரம் டீட்டர் வந்து, ஹாம்பர்க்கில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான். அது இனியும் தின்னாவிட்டால் ஆய்வுக்கூடத்தில் ஒப்படைத்துவிடலாம் என்றான். அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அங்கே அலமாரியில் சாராயக் குப்பிகளுக்குள் சுருண்டு கிடக்கும் செத்த பாம்புகளை நீதானே ஒருநாள் எனக்குக் காட்டினாய்? கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வேகத்தில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

அப்படியென்றால் ஒரு வேலை செய்யுங்கள் என்று அவன் பெட்டிக்குள் காட்டினான். மூலையில் உன் பனியன். உன் வாசனை பழகட்டும் என்று நீ உடுத்திக் கழற்றியதைப் போட்டிருக்கிறாய். சொர்ணம் எந்நேரமும் அதற்குள்ளேயே முடங்கிக் கிடந்தது.

"இதை எடுத்துவிட்டு உங்கள் துணி ஒன்றைப் போடுங்கள். அது இனி உங்களைத்தான் அறிய வேண்டும். அதனால் நீங்கள்தான் உள்ளே கையை விட வேண்டும், நான் இல்லை" என்றான்.

அந்த நிமிடம் எனக்கு வந்த பயம் பாம்பைப் பற்றியது அல்ல, அண்ணா. உன் துணி எல்லாவற்றையும் கொடுத்தாயிற்று. தலையணை உறையைக்கூடத் துவைத்துப் போட்டுவிட்டேன். நீ மிஞ்சியிருப்பது அந்தப் பனியனில்தான் என்று தோன்றியது. உன்னை மறந்தால்தான் அது சாப்பிடும் என்றால், மறக்கவைக்கும் வேலையை நானா செய்வது?

ஆனாலும் செய்தேன். வீட்டில் உடுத்தும் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து, நாள் முழுக்க இடுப்பில் செருகி வைத்திருந்தேன். ஆஸ்பத்திரி மருந்து வாடை போகும்வரை கையைக் கழுவினேன். மேலிருந்து கை நீட்டினால் பருந்து என்று மிரளும், பக்கவாட்டில் போய் வயிற்றடியில் தாங்க வேண்டும் என்று நீ டீட்டருக்குச் சொல்லிக்கொடுத்ததைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். மறுநாள் டீட்டர் வந்து பக்கத்தில் நிற்க, அப்படியே ஜெபம் சொல்லிக்கொண்டே கையை உள்ளே விட்டேன்.

வழுவழுவென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். காய்ந்து, இளஞ்சூடாக இருந்தது. உள்ளே தசை இறுகுவது விரலுக்குத் தெரிந்தது. சீறியது. தைரியமாகக் கையை வைத்திருந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே, எடுக்கத் தெரியாமல் விறைத்துப்போயிருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அது தளர்ந்தது. பனியனை உருவிக்கொண்டு சேலைத் துண்டைப் போட்டேன்.

டீட்டர் போனதும் அந்தப் பனியனை முகத்தில் வைத்துப் பார்த்தேன். மரத்தூள் வாடை, எலி வாடை, பாம்பு வாடை. நீ இல்லை. திருப்பிப் பார்த்தேன், கழுத்துப் பக்கத்திலும் இல்லை. எப்போது போனாய்? உன்னை அடக்கம் செய்த அன்றுகூட நான் அப்படிச் சத்தம் போட்டு அழவில்லை.

டீட்டர் சில எலிகளைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு ஹாம்பர்க் போய்விட்டான். இன்று விடுமுறை. ஒன்றை எடுத்துச் சூடாக்கினேன். இடுக்கியை நீட்டியபோது சேலைத் துண்டுக்கு அடியிலிருந்து மூக்கு மட்டும் வெளியே வந்தது. நாக்கு வந்து வந்து போயிற்று. எனக்குக் கை வெடவெடவென்று நடுங்கியது. அந்த நடுக்கத்தில் எலியும் துள்ளியது. டீட்டரின் கை ஒருநாளும் நடுங்கியதில்லை. அவன் பிடித்த எலி செத்த எலியாகவே இருந்தது. என் கையில் இருந்தது உயிருள்ளது என்று சொர்ணம் நினைத்துவிட்டது போலும்.

ஒரே பாய்ச்சல். நான் இடுக்கியைப் போட்டுவிட்டு வெளியே ஓடி, கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். எலியைச் சுற்றி இறுக்கி, அப்புறம் அவசரமே இல்லாமல் விழுங்கியது. வால் நுனி உள்ளே போனதும், நீ அங்கே நிற்பதுபோலச் சமையலறைப் பக்கம் திரும்பி, "அண்ணே, தின்னுட்டு" என்று கூப்பிட்டேன்.

நன்றாகச் சத்தமாகவே கூப்பிட்டேன். நீ கேட்டிருப்பாயா? பதில் வராமல் நான் அங்கே நின்ற நேரத்துக்குப் பக்கத்தில் பாம்பெல்லாம் ஒரு பயமே இல்லை.

இரண்டு நாளைக்கு அதைத் தொட மாட்டேன், தொட்டால் தின்றதைக் கக்கிவிடும் என்று சொல்லியிருக்கிறாய். பல்பு அணையாமல் பார்த்துக்கொள்வேன். எந்த ஆய்வுக்கூடத்துக்கும் அதை அனுப்ப மாட்டேன். ஊரிலிருக்கும் அம்மைக்கு மட்டும் இதை எழுத மாட்டேன், அடுத்த விமானத்தில் வந்து நிற்பாள். பயம் தெளிந்துவிடும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. அது பசித்து மூக்கை வெளியே நீட்டும் ஒவ்வொரு முறையும் நான் நடுங்கிக்கொண்டே வந்து நிற்பேன். அந்த வாக்கை மட்டும் தருகிறேன்.

உன் ஒரே தங்கை,
ஸ்டெல்லா