பின்வளவில் நீ பதித்த கற்கள்

மிட்சம், லண்டன்
28.03.1993

அன்புள்ள தம்பி பரமேஸ்வரனுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. சிவனேஸ்வரி மூன்று மாதக் கர்ப்பம், நீ அப்பாவாகப் போகிறாய் என்று வாசித்து உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் கடிதத்தை மேசையில் எறிந்துவிட்டேன். இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். உனக்கும் கோபம் வந்தால் வரட்டும், கடைசிவரை வாசி.

"அக்கா, நான் பதிச்சுத் தந்த கல்லிலை கதிரை போட்டு இருந்து தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டிருக்கிறாய். குடிக்கவில்லை. டிசம்பரில் நீ இங்கே வந்து நின்றபோது, நான் ஷிப்ட் முடித்து வருவதற்குள் வீட்டுக்குப் பின்னால் கராஜ் சுவர் ஓரத்தைத் தோண்டி, வேர்களைக் கறுப்புப் பையில் கட்டிக் குப்பை லொறியில் ஏற்றி, எட்டுச் சீமெந்துக் கல்லும் பதித்துவிட்டு வாசலில் நின்று பல்லைக் காட்டினாய். நானும் உனக்குப் புட்டு அவித்துத் தந்தேன். அந்தப் புட்டை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

அங்கே காய்ந்த இலை தவிர ஒன்றும் இருக்கவில்லை என்று அத்தானிடம் சொன்னாயாம். யாழ்ப்பாணத்தில் தரையோடு கருகிய செடி செத்த செடிதான். இந்த ஊரில் சில பூக்கன்றுகள் வெயில் படாத இடத்தில்தான் வளரும். மாரிக் குளிரில் மேலே எல்லாம் அழிந்து, வேர் மட்டும் மண்ணுக்குள் கிடந்து, குளிர் குறையத் திரும்ப வரும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? டொரன்டோவில் பத்தாம் மாடியில் குடியிருக்கிறவனுக்கு என் வளவில் என்ன அதிகாரம்?

உன் அத்தான் உனக்கு மேல். பூக்கன்றுதானே, வேறு வாங்கலாம் என்றார். அது என்ன கன்றென்று தெரிந்த மனிதர் அவர். ஒரு கிழமை அவரோடு நான் கதைக்கவில்லை.

உனக்குத் தெரியாது. சொல்கிறேன். 1987 மே மாதம் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. நிறைமாதம். அவள் அழவில்லை. வயிற்றுக்குள்ளேயே இறந்திருந்தாள். ஊரில் சண்டை நேரம், அம்மாவுக்கு அறிவிக்க வேண்டாம் என்றார் அத்தான். அப்படியே ஒருவருக்கும் சொல்லாமல் விட்டோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் இல்லை, திவசமும் இல்லை, சுவரில் மாட்ட ஒரு படமும் இல்லை. பிரசவ வார்டில் நேர்ஸாக இருந்த டொலறஸ், எங்கள் ஊர்ப் பெண், அடுத்த மாதம் ஈரப் பேப்பரில் சுற்றிக் கொஞ்சம் வேர் கொண்டுவந்தாள். "நிழலிலை வையுங்கோ அக்கா. மாரியிலை செத்துப் போச்சு எண்டு நினைச்சுத் தோண்டிப் போடாதேங்கோ" என்றாள். ஒவ்வொரு மே மாதமும் சின்னச் சின்ன வெள்ளை மணிகளாகப் பூக்கும். நல்ல வாசம். பறித்து, சுவாமி அறையில் ஒரு கிளாஸ் தண்ணீரில் வைப்பேன். அவளுக்கென்று நான் செய்தது அவ்வளவுதான். அந்த இடத்தில்தான் நீ என்னைக் கதிரை போட்டு இருக்கச் சொல்கிறாய்.

நேற்று அலவாங்குக் கம்பியை எடுத்து நானே மூன்று கல்லை நெம்பிக் கிளப்பினேன். உன் அத்தான் ஜன்னலுக்குள் நின்று பார்த்தார். சுவரை ஒட்டிய கல்லுக்குக் கீழே நாலு முளை, வெளிச்சம் காணாமல் வெளிறி, வளைந்து கிடந்தன. நீ மூலைவரை தோண்டவே இல்லை! சின்ன வயதிலிருந்தே எந்த வேலையையும் நீ முழுதாகச் செய்ததில்லை. முற்றம் கூட்டச் சொன்னால் பாதியில் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடுவாய். அதற்காக எத்தனை தரம் உன்னை அடித்திருக்கிறேன். இந்த ஒரு தரம் அடிக்க மாட்டேன்.

பிள்ளைக்குப் பெயர் சொல்லும்படி கேட்டிருக்கிறாய். என்னிடம் ஒரேயொரு பெயர்தான் இருக்கிறது. அதற்குச் சொந்தக்காரி இருக்கிறாள், உனக்குத் தரமாட்டேன். சிவனேஸ்வரியும் நீயும் யோசித்து வேறு நல்ல பெயராக வையுங்கள்.

உன் பிள்ளை பிறந்தவுடன் ஆஸ்பத்திரி அதிர அழ வேண்டும். டெலிபோனை அதன் வாயருகே பிடி. அந்தச் சத்தத்தை எனக்குக் கேட்கப் பண்ணு. மற்றதெல்லாம் பிறகு பார்ப்போம்.

இன்னும் கோபம் ஆறாத
உன் அக்கா
சிவமலர்