சாமான் பிளேன் குண்டு போடாது

மார்க்கம், ரொறன்ரோ
ஒக்ரோபர் 5

அன்பு மகள் லக்சிகாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அப்பாவின் சுகரும் அடங்கித்தான் இருக்கிறது, அடங்காதது அவருடைய வாய்தான். வார்சோவில் நீயும் சுகமாயிருக்கப் பிள்ளையார் துணை. போனில் கதைத்தால் அவர் பக்கத்தில் வந்து காதைக் கொடுப்பார், அதனால்தான் கடிதம். பக்கத்து நாட்டுச் சண்டை பரவி ஆறு கிழமைக்குள் அங்கே குண்டு விழும், உடனே வா என்று அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார், வேலையை நிரந்தரமாக்க மாத முடிவுக்குள் கையெழுத்து வைக்க வேண்டும், என்ன செய்ய அம்மா என்று கேட்டிருந்தாய்.

அவர் முன்பு சொன்ன சாத்திரத்தையும் கேள். தொண்ணூறில் சண்டை வரப்போகிறதென்று ஊரெல்லாம் பதுங்கப் பங்கர் வெட்டியது. எங்களுக்கும் வெட்டித்தரப் பக்கத்து வீட்டுத் தியாகலிங்கம் அண்ணை மண்வெட்டியோடு வந்தார். அப்பா விடவில்லை. “ஆமிக்காரங்களிட்ட இருக்கிறது சாமான் ஏத்திற பிளேன், அது எங்கை குண்டு போடப் போகுது” என்று, வெட்ட இருந்த இடத்தில் நின்ற தன் வாழைகளைக் காப்பாற்றிவிட்டார். சண்டை தொடங்கிச் சில கிழமையில் அதே சாமான் பிளேன் வந்தது, கதவால் பீப்பாவை உருட்டிவிட்டார்கள். நான் எட்டு மாதக் கைக்குழந்தையாயிருந்த உன் அண்ணா பிரியந்தனோடு மேசைக்குக் கீழே. பீப்பா வாழைக்குள் விழுந்து உடைந்தது, உள்ளே முழுக்க மலம். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்த நிபுணர் தலை முதல் கால்வரை நனைந்துபோனார். மூன்று நாள் அவரைக் குசினிக்குள் விடவில்லை, சோறு முற்றத்தில்தான்.

இதைப் பார்ட்டிகளில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பார், மிச்சத்தைச் சொல்லமாட்டார். அடுத்தநாள் விடிய வாழைகளைத் தறித்துவிட்டுப் பங்கர் வெட்டத் தொடங்கினார். தியாகலிங்கம் அண்ணை உதவிக்கு வந்து கேட்டும் அப்பா மண்வெட்டியைக் கொடுக்கவில்லை, அழுதழுது தனியாகவே வெட்டினார். பீப்பாவுக்குள் வேறை ஏதும் இருந்திருந்தால் என்று என்னிடம் ஒருமுறை கேட்டார், அவ்வளவுதான். விழாது என்று சொன்ன வாய் அன்றிலிருந்து விழும் என்றே சொல்கிறது. அவர் சாத்திரம் அன்றும் பிழைத்துப்போனது, இன்றும் பிழையாகட்டும்.

நீ கையெழுத்து வை. என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியாது, பயமும் இருக்கிறது, அதற்காக நீ உன் வாழ்க்கையை விட்டு வரத் தேவையில்லை. ஒன்று மட்டும் செய். உன் கட்டடத்துக்குக் கீழே பதுங்க இடம் இருக்கும், போய்ப் பார்த்துப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பு, பகிடி ஒன்றும் எழுதாதே. தான் போய்ப் பங்கர் வெட்ட முடியாத தூரத்தில் நீ இருக்கிறாய், அவருக்குத் தாங்க ஏலாதது அதுதான்.

எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உன்னோடு. குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு வெளியே போ.

அன்புள்ள அம்மா,
பாலேஸ்வரி