எங்கள் தெருவைச் சுற்றி நீ எழுப்பிய சுவர்

மைசூரு,
21.03.2026

அன்பு மகள் தமிழ்ப்ரியாவுக்கு,

உன் அம்மா ரூபாவும் நானும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம். பெர்லின் குளிரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். மனதளவில் எப்படி என்பதற்குக் கீழுள்ளவையே விடை.

1. மார்ச் 2: 1991 காவிரிக் கலவரத்தில் நம் தெரு பட்ட பாட்டை, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வரைபடமாக்கி இணையத்தில் ஏற்றினாய்.
2. மார்ச் 8: எதிர்வீட்டு பசம்மாவுக்கு அவர் மகன் ஹேமந்த் அதைக் கைப்பேசியில் காட்டினான்.
3. மார்ச் 19: யுகாதி. கலவரத்துக்குப் பின் எந்த யுகாதிக்கும் தவறாமல் அவர் வீட்டிலிருந்து வந்த பேவு-பெல்லா, அந்த வேப்பம்பூவும் வெல்லமும், இம்முறை வரவில்லை.
4. மார்ச் 20: தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "அது வெறும் டெம்ப்ளேட்ப்பா, இதுக்கெல்லாமா டென்ஷன் ஆவீங்க" என்று சிரித்தாய்.

நேற்று மாலையிலிருந்து இக்கடிதத்தை எழுதுவதும், பாதியில் எழுந்து வாசலுக்குப் போய் எதிர்க்கதவைப் பார்ப்பதுமாக இருக்கிறேன். வரலாற்றை வரைபடமாக்கும் உன் வேலையின் அருமை தெரியாதவன் அல்லன் நான். கல்லூரியில் வரலாறு கற்பிப்பவன். போலந்து நகரமொன்றில் யூதர்களைச் சுவரெழுப்பி அடைத்துவைத்த கெட்டோவுக்கு நீயும் உன் குழுவும் செய்த வரைபடத்தில் ஞாயிறு முழுவதும் கழித்திருக்கிறேன். ஒரு புள்ளியைத் தொட்டால் ரொட்டிக்கு நின்ற வரிசை, இன்னொன்றில் சமையலறைக்குள் ஒளித்து நடத்திய பள்ளி, மாடியறையில் ஒரு கல்யாணம். மாதம் செல்லச் செல்ல அந்தக் கறுப்புக் கோடு உள்நோக்கி நெருங்குவதைப் பார்த்து உன் அம்மா சாப்பிடாமல் எழுந்துபோனாள். அங்கே அந்தக் கோடு உண்மை. அதற்கு உள்ளே இருந்தவர் யார், வெளியே நின்றவர் யார் என்பதும் உண்மை. டெம்ப்ளேட் என்று அதே கோட்டை, அதே கறுப்பில், நம் தெருவின் தமிழர் வீடுகளைச் சுற்றி இழுத்துவிட்டாய். இங்கே எந்தச் சுவரும் இருந்ததில்லை, தமிழ்ப்ரியா. நீ வரைந்ததால் இப்போது இருக்கிறது. பசம்மாவின் வீடு அதற்கு வெளியே, வேடிக்கை பார்த்தவர்களுக்கென்று நீங்கள் ஒதுக்கிய சாம்பல் நிறத்தில் கிடக்கிறது.

அந்த வீட்டுக் கேழ்வரகு மூட்டைகளுக்குப் பின்னால்தான் நானும் என் அம்மாவும் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தோம். கல்லோடு வந்தவர்கள் உள்ளே யார் என்று கேட்டபோது, வாசலில் முறத்தோடு நின்ற பசம்மா, "உள்ளே என் மாமியார் இருக்கா, கூட்டிட்டுப் போறீங்களா? புண்ணியமாப் போகும்" என்றார். அவர்களே சிரித்துவிட்டுப் போனார்கள். யுகாதியன்று மாலை நானே அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. தமிழும் கன்னடமுமாக, "ஏனப்பா அய்யாசாமி, உங்க ஜனத்துக்குப் போட்ட கோட்டுக்கு நான் ஹொரகடேயா, வெளியேயா? அப்போ கல்லு எறிஞ்சவங்க பக்கத்திலா நின்னேன்?" என்று கேட்டார். நான் வெளியே வந்ததும் கதவு சாத்தப்பட்டது. வேகமாகக்கூட அல்ல, மெதுவாக.

"ஏனுங்க, புள்ள தூரத்துல தனியா இருக்குது, பாத்து எழுதுங்க" என்கிறாள் உன் அம்மா. பார்த்துத்தான் எழுதுகிறேன். கோட்டை இன்றே அழி. பசம்மாவின் பெயரும் வீடும் அதில் இடம்பெற வேண்டுமா, எந்த நிறத்தில் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். கெட்டோவில் நாட்குறிப்பு எழுதியவர்கள் தங்களை உலகம் அறியட்டும் என்று எழுதினார்கள். இவர் உயிரோடு, கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். இவரிடம் நீ கேட்கவேயில்லை. ஏப்ரல் 2ஆம் தேதி உங்கள் கண்காட்சியில் இதே படத்தைப் பெரிய திரையில் காட்டப்போவதாக அம்மாவிடம் சொன்னாயாமே. அதற்கு முன் இது முடிந்தாக வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ எல்லா நலமும் பெற்று வாழ எங்கள் ஆசிகள் என்றும் உண்டு. கோபம் அதைக் குறைக்காது.

மார்ச் 31 மாலைக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். குரல் செய்தி வேண்டாம். மின்னஞ்சலில் அனுப்பு, அச்செடுத்துக்கொள்கிறேன். பதில் எனக்கன்று, பசம்மாவுக்கு. கன்னடத்தில் எழுது. எழுத்து பெரிதாக இருக்கட்டும், அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. தெருவைக் கடந்து கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும் என் வேலை.

இப்படிக்கு,
உன் அப்பா,
இரா. அய்யாசாமி