இரு பக்கமும் ராஜா தலை

ஜூலை 8, செவ்வாய்

சுல்தான் பாய்க்கு வலது கண் அறுவை முடிந்தது, காலை 11.20. தகவல்: மகள் நசீமா, திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து போனில். பார்வை எவ்வளவு திரும்பும் என்று டாக்டர் சொல்லவில்லை. இடது கண் போன வருடமே போய்விட்டது. சர்க்கரை.

இங்கே பெரம்பலூரில் வெயில், புழுதிக் காற்று. கரண்ட் இரண்டு முறை போனது.

போன வாரம் பாய் சொன்னது: "கட்டு அவுத்ததும் மொத மொத அந்த ராஜாவத்தான் பாக்கணும். எடுத்து வைங்க நிருபரே."

அவருடைய காலணா. அரியலூரில் அவர் பழைய இரும்புக்கடைக்கு ஒரு செம்புக் குடத்தோடு வந்தது. ஒரு பக்கம் ராஜா தலை புடைப்பாக. மறுபக்கமும் அதே தலை, இடவலம் மாறி, பள்ளமாக. நாணயச் சாலையில் முன்பு அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த காசில் தன் முகத்தைப் பதித்துவிட்டுப் போயிருக்கிறது. ஆண்டு இருக்க வேண்டிய பக்கம் இல்லாததால் ஆண்டு தெரியாது. "எங்கிட்ட இருந்தா பேரப்புள்ளைங்க பம்பரம் வுடும்" என்று நான்கு வருடம் முன்பு என்னிடம் கொடுத்தார்.

மதியம் எடுத்துப் பார்த்தேன். பச்சை. இரு பக்கமும் பிசுபிசுப்பு.

ஜூலை 9, புதன்

காரணம் உறுதி. விசிட்டிங் கார்டு ஆல்பம்.

என் மற்ற காசுகள் எல்லாம் காகித உறையில், ஒரு கேடும் இல்லை. பாய் காசுக்கு மட்டும் தனி மரியாதை: தொடாமலே இரு பக்கமும் பார்க்கலாம் என்று, அதிகாரிகளின் கார்டுகளுக்கு நடுவில், மெத்தென்ற பிளாஸ்டிக் பையில் வைத்தேன். அந்தப் பிளாஸ்டிக் வெயிலில் வியர்க்கும். வியர்வை செம்பைத் தின்னும். விளிம்பில் பிடி, புளி போடாதே, தேய்க்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். பாயையே தொடவிட்டதில்லை.

மனைவி மல்லிகா எட்டிப் பார்த்தாள். "அரை நெல்லிக்கா புளி போதும். குத்துவெளக்கு மாரி ஆக்கித் தரேன்."

"கையக் கிட்ட கொண்டாராத."

"ஆமா, நீங்க தொடாம வச்சித்தான் இந்த லட்சணத்துல இருக்கு."

பட்டியல் எழுதினேன்.

வாங்க வேண்டியவை: அசிட்டோன் (பிளாஸ்டிக் பிசுக்கைக் கரைக்கும், செம்பைத் தொடாது; சுத்தமானது, நகப்பூச்சு அழிக்கும் பாட்டில் ஆகாது, வாசனையும் எண்ணெயும் கலந்தது). மூடியுள்ள கண்ணாடிக் குப்பி. மாத்திரை.

பள்ளிக்கூடங்களுக்கு ரசாயனம் தரும் கடையில் அரை லிட்டர் கிடைத்தது. 4.10க்கு ஊற வைத்தேன்.

ஜூலை 12, சனி

அரியலூர். வழி நெடுக சிமெண்ட் லாரி.

பாய் கட்டிலில் குப்புற, நெஞ்சுக்குத் தலையணை, முகம் விளிம்புக்கு வெளியே. விழித்திரை ஒட்டிக்கொள்ள கண்ணுக்குள் வாயு அடைத்திருக்கிறார்கள்; அது கரையும்வரை கட்டு அவிழ்த்தும் ஒன்றும் தெரியாது. இன்னும் ஒரு வாரம் இப்படித்தான். தரையைப் பார்த்துப் பேசினார். நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"யாரு, நிருபரா? செருப்பு சத்தமே சொல்லுதே. பேட்டி எடுக்க வந்தீங்களா?"

"தலைவர் தலை குனிஞ்சிருக்கார்னு செய்தி வந்துச்சு."

சிரித்தார். நசீமா, "அத்தா, அசையாதீங்க" என்று அதட்டினாள்.

"ராஜா சௌக்கியமா?"

"சௌக்கியம்."

உறுதி செய்யாத தகவல். என் வாயால்.

பிறகு அவரே: "ஒருவேள பார்வ வரலன்னா, ஒரே ஒரு தடவ வெரல வச்சிப் பாத்துக்கறேன். அந்தப் பள்ளத்துல. அதுக்கு மட்டும் பர்மிஷன் குடுங்க."

நசீமா டீ கொண்டு வந்தாள். சர்க்கரை அதிகம். முழுதும் குடித்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

அசிட்டோன் மூன்றாம் முறை மாற்றினேன். பிசுபிசுப்பு போயிற்று. புடைப்புப் பக்கம்: தாடி, காது சரி. கன்னத்தில் ஊசிமுனை அளவில் அரிப்பு. பள்ளப் பக்கம்: மூக்கிலிருந்து நெற்றி வரை இன்னும் பச்சை. அடியில் முகம் இருக்கிறதா, தெரியவில்லை.

திருச்சியில் நீண்ட நாள் சேகரிப்பவர் ஒருவருக்குப் படம் அனுப்பினேன். பதில்: "தேய்க்காதீங்க சார். ஊறட்டும். தின்னது தின்னதுதான், திரும்பாது."

தேய்க்கவில்லை. செய்ய வேறு ஒன்றும் இல்லை. குப்பியை ஜன்னலிலிருந்து நகர்த்தினேன். பிறகு மறுபடி நகர்த்தினேன்.

மல்லிகா புளிப் பேச்சை எடுக்கவில்லை. அது இன்னும் மோசம்.

ஜூலை 18, வெள்ளி

மேகம். மழை இல்லை.

நசீமா போன். "செவ்வாக்கெழம செக்கப் மாமா, அன்னைக்குத்தான் பார்வ தெரியுதான்னு பாப்பாங்க. நீங்களும் வரணுமாம். காசயும் எடுத்துட்டு வரச் சொல்றாங்க அத்தா."

வருகிறேன் என்றேன்.

நிலுவை:

பள்ளத்து முகம். திங்கள் மாலை குப்பியிலிருந்து எடுக்க வேண்டும்.

பாயின் கண். செவ்வாய் காலை பத்து மணி, திருச்சி.

பாயிடம் உண்மையைச் சொல்வது. அதே செவ்வாய், அரியலூரிலிருந்து அவரோடு போகும் ரயிலில், திருச்சிக்கு முன்னால் லால்குடி தாண்டுவதற்குள்.