ரெண்டு வீட்டு மெயினும் ஓஃப், மச்சான்

என் உசுரு மச்சானுக்கு,

நீ போய் நாலு வருஷம். இன்னைக்கு உன் வீட்டுக் குசினியில பல்ப் எரியுது. மாட்டினது நான்தான், சிரிக்காத. மண்டையில புதுசா ஒரு வீக்கமும் இருக்கு, அதையும் சொல்றேன்.

எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்ட நானும், ஏழோட போட்ட நீயும் சேர்ந்து செஞ்ச இன்ஜினியர் வேலை ஞாபகம் இருக்கா? தோட்டத்து லயத்து வரிசையில உங்க காம்பரா வீட்டுக்கு கரண்ட் வராத காலத்துல, பக்கத்துக் காம்பராவான எங்க வீட்டுல இருந்து கூரைக்குள்ளால வயர் இழுத்து உங்க குசினிக்கு ஒரு பல்ப் போட்டோம். ரப்பர் பால் வெட்டுற கத்தியாலதான் வயரைச் சீவினோம். பின்னால உங்களுக்குத் தனி மீட்டர் வந்தும் அந்த வயர் அப்படியே கெடந்துச்சு. உங்க மெயினை ஓஃப் பண்ணினாலும் அந்த ஹோல்டர்ல எங்க வீட்டுக் கரண்ட் ஓடும். நம்ம ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும்.

அன்னைக்கு, கருகின ஹோல்டரை மாத்த நீ மேசையில ஏறின. "மச்சான், மெயினை ஓஃப் பண்ணு!"ன்னு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கத்தின. எங்க வீட்டு மெயினை ஓஃப் பண்ணினேன். கொஞ்ச நேரம் உன் சத்தமே இல்ல. டீவியில கிரிக்கெட் மெச் கடைசி ஓவர், பார்க்கணும்னு அவசரம். நீ முடிச்சிருப்பன்னு நெனச்சு, திரும்பப் போட்டேன்.

உன் தொண்டையில இருந்து வந்தது மனுசச் சத்தமா அது? ஓடி வந்தா, நீ வயரோட கீழ விழுந்து துடிக்கிற. நான் மெயினுக்கு ஓடியிருக்கணும். விறகுக் கட்டையை எடுத்தேன். மொத அடியில உன் மணிக்கட்டு ஒடைஞ்சது எனக்குக் கேட்டுச்சு. மூணாவது அடியிலதான் கை வயரை விட்டுச்சு.

அப்பதான் என் தங்கச்சி செல்வி ரப்பர் மலையில இருந்து பால் வாளியோட வந்தா. அவ பார்த்தது, அண்ணன் தன் புருசனை அடிக்கிறதை மட்டுந்தான். "டேய், கொல்றியாடா!" வாளியைச் சுத்தி என் தலையில போட்டா. பாலும் ரத்தமும் கண்ணுக்குள்ள வழிஞ்சுச்சு. ஆறு தையல். உன் செத்த வீட்டுல நான் தலைப்பா கட்டின மாப்பிள்ள மாதிரி நின்னேன்.

உன்னைக் காப்பாத்தப் போய் அடி வாங்கினேன்னு தோட்டமே சொல்லுச்சு. செல்வி என் காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டா. வெக்கங்கெட்ட நான் அதை வாங்கி நாலு வருஷம் வச்சிருந்தேன்.

அந்தக் குசினியில அவ யாரையும் பல்ப் மாட்ட விடல. மண்ணெண்ணெய்க் குப்பி லாம்புதான். போன வாரம் அது கவுந்து சேலையில தீ பிடிச்சு, கால் வெந்துபோச்சு. அதுக்கப்புறம் என்னால சும்மா இருக்க முடியல. இந்தத் தடவை செல்வியும் தடுக்கல.

என் மக நிஷா கேகாலை டவுன்ல வயரிங் படிக்கிறா. இன்னைக்குக் காலையில எங்கிட்ட வேலை வாங்கின கங்காணி அவதான். "அப்பா, கத்தியைக் கீழ வைங்க. இது ரப்பர் மரம் இல்ல!" முதல்ல கரண்ட் இருக்குற பிளக்ல வச்சு, டெஸ்டர் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்கச் சொன்னா. அப்புறம் ரெண்டு வீட்டு மெயினும் ஓஃப். பியூஸ் ரெண்டையும் கழட்டித் தன் கையில வச்சுக்கிட்டா. காஞ்ச மேசை, ரப்பர் செருப்பு. வயரைத் தொடுறதுக்கு முன்னாடி மறுபடியும் டெஸ்டர். நம்ம திருட்டு வயரை உருவி எறிஞ்சுட்டு, உங்க வீட்டு சுவிட்ச்ல இருந்தே புது லைன் இழுத்தோம். ஹோல்டர் ஸ்கூருக்கு வெளிய ஒரு இழை கம்பிகூட நீட்டக் கூடாதாம்.

மேசையில நின்னு ஸ்கூரை முறுக்கிக்கிட்டே சொன்னேன். "செல்வி, அன்னைக்கு மெயினைப் போட்டது நான்தான்."

வெந்த காலை ஊனிக்கிட்டே மேசையை எட்டி உதைச்சா. அடுப்புக் கல்லுல என் மண்டை மோதுச்சு. கீழ கெடந்தவனை ரெண்டு கையாலயும் நெஞ்சுல குத்தினா, மூஞ்சியில குத்தினா, கை ஓயுற வரைக்கும் குத்தினா. நான் தடுக்கல.

பெறகு மேசையை நிமிர்த்தி வச்சா. "ஏறு. தொடங்கினதை முடி."

முடிச்சேன். நிஷா கையில இருந்த பியூஸ் ரெண்டையும் செல்வி வாங்கிக்கிட்டா. "வெளிய போய் நில்லு."

மழையில நின்னேன். "எறங்கிட்டேன்!"னு கத்தினேன். அவ என் குரலை நம்பல. வாசலுக்கு வந்து, என் மூஞ்சியையும் ரெண்டு கையையும் கண்ணால பார்த்துட்டுத்தான் பியூஸை மாட்டி மெயினைப் போட்டா. அதுக்கப்புறம் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. பேசுவாளா, மச்சான்?

இனி மேசையில எவன் ஏறினாலும், அவன் எறங்கி என் முன்னால வந்து நிக்காம மெயின்ல கை வைக்க மாட்டேன். இது சத்தியம்.

உன் பொண்டாட்டிகிட்ட ரெண்டு தடவை அடி வாங்கின,
ரெண்டாவது தடவை சரியா வாங்கின,
உன் மச்சான்.