மஞ்சள் ஏறிய தொட்டி

4 ஜனவரி 2026, ஞாயிறு

ஹாட் டப் வந்துவிட்டது. கேட்டில் நுழையவில்லை, நாலு பேர் காம்பவுண்டுக்கு மேலே தூக்கிப் பின்பக்கம் இறக்கினார்கள். பக்கத்துவீட்டு பானு எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, மாடு வாங்கப் போறியா? இவ்ளோ பெரிய தொட்டி!" என்றாள். சுடுதண்ணீரில் உட்கார்ந்து உடம்பைத் தளர்த்துவதற்கு என்றேன். சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

இவர் அடக்கவே இல்லை. "ஃபர்னஸ் முன்னாடி எட்டு மணி நேரம் வெந்துட்டு வரேன். இவ இன்னாடான்னா கும்மிடிப்பூண்டில சுடுதண்ணி விக்கப் போறாளாம்!"

டப் கம்பெனியின் பேச்சு இதுதான்: மார்ச் 31க்குள் ஒன்றாவது விற்றால் ஏஜென்சி என் பெயருக்கு. இல்லாவிட்டால் இந்த டெமோ டப்பை எடுத்துப்போய் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பதினோரு வருஷமாக ஃபேக்டரி ஸ்டோர்ஸில் நின்றபடி அடுத்தவன் சரக்கை எடுத்துக் கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமையாவது எனக்கென்று ஒன்று இருக்கட்டுமே.

13 ஜனவரி

இதுவரை மூன்று போன். ஒருவர் இதில் மீன் வளர்க்கலாமா என்று கேட்டார்.

18 ஜனவரி

பெரியபாளையத்துக்கு அந்தப் பக்கம் பண்ணை வீடு வைத்திருக்கும் வரதன் பேசினார். சென்னை ஆட்களுக்கு வாடகைக்கு விடுகிறாராம். அடுத்த ஞாயிறு கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

"நீங்க உக்காந்து பாத்துகீறீங்களாம்மா?"

"நெறைய வாட்டி சார்."

வாயில் வந்துவிட்டது. நைட்டியோடு அதில் இறங்க வெட்கம். ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

25 ஜனவரி

நாசமாப் போச்சு.

டப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற வழியில் அம்மன் கோயில் வாசலில் மஞ்சளும் வேப்பிலையும் வாங்கினேன். வண்டி வாங்கினாலும் போர் போட்டாலும் செய்வதுதானே. பண்ணையில் டப்பை நிரப்பி, கற்பூரம் காட்டி, ஒரு பொட்டலம் மஞ்சளைக் கரைத்து உள்ளே ஊற்றி, இரண்டு கொத்து வேப்பிலையும் போட்டேன். வரதன் மனைவி கன்னியம்மா நாற்காலியில் இருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஸ்விட்சைத் தட்டினேன். மஞ்சள் நுரை பொங்கியது. கால் மணி நேரத்தில் மோட்டார் முனகி நின்றுவிட்டது.

"இன்னாம்மா, அம்மனுக்கு ஊத்துற மாதிரி ஊத்திட்ட?" என்றார் வரதன்.

தண்ணீரில் எதையும் போடக்கூடாது என்று கம்பெனி பயிற்சியில் சொன்னார்கள். சொன்னார்கள்தான். மஞ்சளையெல்லாம் யாராவது அந்தக் கணக்கில் சேர்ப்பார்களா?

26 ஜனவரி

லீவு. இவர் ஃபில்டரைக் கழற்றி வேப்பிலை நரம்பை ஒவ்வொன்றாக எடுத்தார். மோட்டார் பிழைத்துக்கொண்டது. மஞ்சள் கறை மட்டும் போகவில்லை.

"திருப்பி அனுப்பிச்சுடு புவனா. பேஜாரு."

"மாட்டேன்! ஒரு தப்பு பண்ணா அவ்ளோதானா நானு?"

கத்திவிட்டேன். பானு வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது.

8 பிப்ரவரி

மோட்டாரைச் சோதிக்க நிரப்பினேன். இவர் ஷிப்டில். பானு வீட்டுப் பக்கம் புடவையைக் கட்டி மறைத்துவிட்டு — இறங்கிவிட்டேன்.

பதினோரு வருஷமாக என்னைத் திட்டிக்கொண்டிருந்த இடது இடுப்பு பத்து நிமிஷத்தில் வாயை மூடியது. அழுதேன். தண்ணீரை வடித்துவிடவும் மனசு வரவில்லை. இத்தனை நாள் நான் என்னதான் சொல்லி விற்றுக்கொண்டிருந்தேன்? தண்ணீர் பீய்ச்சுகிற ஜெட் எத்தனை, கலர் லைட் எத்தனை. ச்சீ.

15 பிப்ரவரி

வரதனுக்குப் போன் போட்டேன். "சார், அன்னைக்குப் பொய் சொன்னேன். அதுல நான் உக்காந்ததே இல்ல. போன வாரம்தான் உக்காந்தேன்."

திட்டுவார் என்றிருந்தேன். சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இடுப்பு வலிக்கு இதமா இருக்குதாம்மா?" என்றார். அன்று நாற்காலியை விட்டு எழாத கன்னியம்மாவுக்குத்தான் கேட்கிறார். ஆனால் மூன்றடி உயரம் அவர் எப்படி ஏறி இறங்குவார்?

20 பிப்ரவரி

முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடச் சொல்லி தினமும் கேட்கிற இவர், பத்து நாளாகக் கேட்கவே இல்லை. கோபமா?

1 மார்ச்

படிக்கட்டுக்கு ஆள் தேடி நான் போனில் அலைவதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், இன்று பழைய இரும்புத் துண்டுகளைப் போட்டு, கைப்பிடியோடு ஐந்து படி வெல்டிங் அடித்துவிட்டார். ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். "ஏறிப் பாரு" என்றார். ஆடவில்லை. நன்றி சொன்னால் கிண்டல் செய்வார் என்று காபி போட்டுக் கொடுத்தேன்.

22 மார்ச்

டப்பையும் படியையும் பண்ணைக்கு ஏற்றிப் போனேன். மஞ்சள் மட்டும் வாங்கவில்லை. கன்னியம்மா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி, உள்ளே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வரதன் பக்கத்திலேயே நின்றார்.

"எடுத்துக்கிறோம்மா" என்றார் வரதன். புதுசு, கறையில்லாமல் வரும் என்றேன். கன்னியம்மா கண்ணைத் திறக்காமலே, "வாணாம். எங்கூட்டுக்கு வந்து மஞ்சத்தண்ணி ஊத்திக்கினது இதுதான். இதுவே இருக்கட்டும்" என்றார். கம்பெனிக்குப் பேசினேன். எது போனாலும் விற்பனைதான் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து ஏஜென்சி கிடைத்துவிட்டது என்றேன். இவர் பின்பக்கம் போய், டப் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த தொட்டி எப்ப வரும்?"

"ஏன்?"

"நைட் ஷிப்டு முடிஞ்சி வந்து, நீ வேலைக்குப் போன ஒடனே டெய்லி அரை அவர் அதுல காலை உட்டுக்கினு உக்காருவேன். நாளைக்கு நான் எங்க உக்கார்றது?"