படங்கு விரித்து உட்கார்ந்தவளுக்கு

உன் படங்கை இன்று காலை கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். ஒரு மூலையை எலி கடித்திருக்கிறது. கொழுந்துக் கறை, அடுப்புப் புகை, பால்பவுடர் எல்லாம் கலந்த அந்த வாசனை மட்டும் அப்படியே இருக்கிறது. தேயிலைச் செடி குத்தாமல் இருக்க மற்ற பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்கிற சாக்கை, நீ ஒருத்திதான் நான்காக மடித்துக் கீழே போட்டு, அதன்மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாய்.

இதை ஏன் இழுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் உன் பெயருக்கு ஒரு தந்தி வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பரா வாசலில் தபால்காரர் தயங்கி நின்றார். "ஏனுங்க்கா, இத யாருகிட்டங்க குடுக்கறது?" என்றார். நீ போய் இரண்டு மாதமாகிறது என்பது அவருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டு நான் வாங்கிக்கொண்டேன். மண்டபம் முகாமிலிருந்து உன் தங்கை அடித்த தந்தி. வந்து இறங்கிவிட்டாளாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டபெட்டு பஸ்ஸில் வருகிறாளாம். நீ போன செய்தியை எழுதி நான் போட்ட கடிதம் போய்ச் சேருவதற்குள் அவள் கடலுக்கு அந்தப் பக்கம் தோட்டத்தை விட்டுக் கிளம்பியிருக்கிறாள்.

இன்று வெள்ளிக்கிழமை. நீ ஒன்பது வருஷம் எதிர்பார்த்திருந்தவள் இன்னும் கொஞ்ச நேரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, "அக்கா எங்க?" என்று கேட்கப் போகிறாள். பதில் சொல்ல என் வாயைத் தவிர வேறு வாய் இல்லை. என் வாயைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூடும்போது நான் ஒரு செய்தியைச் சொன்னால், கொழுந்து நிறுக்கும் நேரத்தில் அதே செய்தி எனக்கே புதிதாகத் திரும்பி வரும். அவ்வளவு நம்பகமான வாய்.

நாம் இரண்டு பேரும் பிள்ளைக் காம்பராவுக்கு ஆயாக்களாகப் போன முதல் வாரம் ஞாபகம் இருக்கிறதா? இருபத்திரண்டு குழந்தைகள், நான்கு கைகள். தாய்மார்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவதற்கு முன்னால் இருபது நிமிஷம் கிடைக்கும். நான் அதில் டீ குடித்து ஊர் வம்பு பேசலாம் என்று வந்தால், நீ வாசலில் இந்தச் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பாய்.

"என்னாடி, தூங்குறதுன்னா படுத்துத் தூங்க வேண்டியதுதானே? எதுக்கு இந்த நடிப்பு?"

"கப்பல்ல வாந்தி எடுத்தே செத்திருப்பேன் புள்ள. பக்கத்துல ஒரு பொம்பள, 'கடலப் பாக்காத, மூச்சப் பாரு, வருது, போவுது, அவ்ளோதான்'னா. ராமேஸ்வரம் வார வரைக்கும் பாத்தேன். அப்பறம் விட மனசில்ல. அங்கருந்து கொண்டாந்ததுல கஸ்டம்ஸ்காரன் கெளறிப் பாக்காத சாமான் இது ஒண்ணுதான்."

அதே நாள், அதே கப்பலில்தான் நானும் வந்தேன் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. உனக்கு ஒரு ஞானம் கிடைத்திருக்கிறது. எனக்கு யாரோ ஒருத்தியின் வாந்தி சேலையில் கிடைத்தது. அது உன்னுடையதுதான் என்று பிற்பாடு நாம் இரண்டு பேரும் விசாரித்து முடிவு செய்தோம்.

உன் தங்கையின் கதையும் அந்த வாரம்தான் எனக்குத் தெரிய வந்தது. தாய் இல்லாத பிள்ளையை நீதான் தூக்கி வளர்த்தாய். அவளுக்குக் கல்யாணமானதும், இந்தக் கரைக்கு வருவதற்குப் புருஷன் வீட்டார் போட்ட மனுவில் அவள் பெயர் போய்விட்டது. உன் மனு வேறு. உன் பெயர் முதலில் வந்தது, அவர்கள் பெயர் வரவில்லை. "பின்னாலயே வந்துருவோம்க்கா" என்று சொல்லித்தான் அவள் உன்னை ரயிலேற்றினாள்.

நம் வரிசை வீட்டு லயத்துக்கே கடிதம் எழுதிக் கொடுப்பவள் நான். அப்புறம் எனக்கு எப்படி எல்லார் வீட்டு விஷயமும் தெரிகிறது என்று கேட்பார்கள்! மாதம் ஒரு கடிதம் அவளுக்கு. நீ சொல்வது மூன்று வரி. மீதிப் பக்கத்தை நான் என் சரக்கால் நிரப்புவேன். "உன் அக்கா காலையில் கண்ணை மூடினால் பூனை வந்து மடியில் படுக்கிறது, சாமியார் ஆவதற்கு முதல் அடையாளம்" என்று எழுதியிருக்கிறேன். "எழுதுற அக்காவ இன்னும் ரெண்டு வரி கூட எழுதச் சொல்லு" என்று அவளிடமிருந்து பதில் வரும்.

அந்தச் சாமியார் விளையாட்டு முற்றியதற்கும் நான்தான் காரணம். தண்ணீர்க் குடத்தோடு நிற்கும்போது, "அவ சும்மாவா கண்ண மூடுறா? அடுத்த கப்பல்ல யார் யார் வர்றாங்கன்னு பாக்குறா" என்று அளந்துவிட்டேன். அங்கே அண்ணனையும் மகளையும் விட்டுவிட்டு வந்தவர்களிடம் விளையாடுகிற விளையாட்டா அது? என் மூளைக்கு அது எட்டவில்லை. மறுநாள் விடியும்போது ஐந்து பெண்கள் உன் முன்னால் நின்றார்கள். ஒருத்தி கையில் தேங்காய்.

"எங்க அண்ணன் பேரு இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு தாயி."

நீ கண்ணைத் திறந்தாய். அவர்களைப் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தாய். நான் பால் சட்டிக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். என் அளவுக்கு அந்தச் சட்டி போதவில்லை.

"எனக்குத் தெரிஞ்சா மொதல்ல என் தங்கச்சியப் பாத்திருக்க மாட்டேனா?" என்றாய் அவர்களிடம். "ஒண்ணும் தெரியலம்மா. சும்மாதான் ஒக்காந்திருக்கேன். வந்தது வந்துட்டீங்க, ஒக்காருங்க, சங்கு ஊதுற வரைக்கும்."

திட்டிவிட்டுப் போவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆளுக்கொரு படங்கை விரித்து உட்கார்ந்தார்கள். தேங்காய் அன்று சட்னியானது. மறுநாள் ஒன்பது பேர், அடுத்த வாரம் பதினாலு பேர். நான் மட்டும் தனியாக நிற்கக் கூச்சப்பட்டு நானும் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த சூப்பர்வைசர் அந்தக் காட்சியைப் பார்த்தார். பனிமூட்டம், பெரட்டுக்கு முன்னால் வரிசையாகச் சாக்கு விரித்து, வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிற பதினாறு பொம்பளைகள். மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏனுங்கம்மா, என்ன போராட்டமுங்க இது? நோட்டீஸ் ஒண்ணும் வரலீங்களே?"

ஒருத்தியும் கண் திறக்கவில்லை. அவருக்கு இன்னும் பயம்.

"மௌனப் போராட்டமுங்களா? கோரிக்கை என்னன்னு சொல்லுங்க, ஆபீஸ்ல பேசி முடிச்சுக்கலாமுங்க."

இப்படி ஒரு வாய்ப்பை விட்டுவிட்டுச் சும்மா இருக்க நான் என்ன புத்தரா? கண்ணை மூடியபடியே, "பிள்ளைக் காம்பராவுக்குக் குழாய் வேணும் சார்" என்றேன். பக்கத்தில் உன் கண் மூடித்தான் இருந்தது. வயிறு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வாரத்தில் குழாய் வந்தது. தியானத்தால் என்ன பலன் என்று யாராவது என்னிடம் கேட்டால், தண்ணீர் வரும் என்றுதான் இன்றுவரை சொல்கிறேன்.

ஆனால் வேறு பலனும் பார்த்தேன். அங்கே கலவரம் என்று ரேடியோ சொன்ன வருஷம், உன் தங்கையிடமிருந்து நாலு மாதம் கடிதமே இல்லை. நீ ஒருநாள் தவறாமல் உட்கார்ந்தாய். எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. "எப்படிடி முடியுது ஒனக்கு? கல்லா நீ?" என்று கேட்டே விட்டேன்.

"முடியலதான் புள்ள. ஒக்காந்தா பயம் போயிறாது. பயத்தயும் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். எந்திரிச்சு புள்ளைங்களுக்குப் பால் ஆத்தும்போது கை நடுங்காம இருக்கே, அது போதும்."

அன்றைக்கு நான் உன் கையைத்தான் கவனித்தேன். இருபத்திரண்டு தம்ளர். ஒரு சொட்டு சிந்தவில்லை.

என் கணக்கையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். உன்னோடு அத்தனை வருஷம் உட்கார்ந்தும் எனக்கு முழங்கால் வலி குறையவில்லை. உடம்பும் இளைக்கவில்லை. பிரஷர் மாத்திரை அதே மாத்திரைதான். கண்ணை மூடினால் பாதி நாள் குறட்டை, மீதி நாள் எதிர் லயத்து மருமகள் ஏன் தாய் வீட்டுக்குப் போனாள் என்கிற ஆராய்ச்சி. ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. ஒரு பேச்சு மனசில் வருவதற்கும் நாக்கில் இறங்குவதற்கும் நடுவே ஒரு மூச்சு நேரம் கிடைத்தது. என் போன்ற ஆளுக்கு அது சொத்து. அந்த ஒரு மூச்சில் நான் முழுங்கிய பேச்சுகளால்தான் இந்த லயத்தில் இரண்டு குடும்பமாவது ஒரே கூரைக்கடியில் இருக்கிறது.

நீ போனதும் அதுவும் போய்விட்டது. மழைக்காலத்துக் காய்ச்சல்தானே என்று நினைத்தோம். கோத்தகிரி ஆஸ்பத்திரியில் நாலு நாள். கடைசியாகப் பெரிய வார்த்தை ஏதாவது சொல்வாய் என்று காதை உன் வாயருகே கொண்டுவந்தேன். "அடுப்புல பால் வச்சிருப்ப, பொங்கிறப் போவுது, நீ போ" என்றாய். போனேன். பால் பொங்கவில்லை.

அதன் பிறகு நான் உட்காரவில்லை. மற்ற பெண்கள் ஒருவர் ஒருவராக நின்றுவிட்டார்கள். எனக்கு அசதி. இப்போது இருபத்திரண்டுக்கு இரண்டே கைகள். காலையில் எழும்போதே சாயங்காலம் ஆனதுபோல் இருக்கிறது. வாயும் பழையபடி ஓடுகிறது. நேற்று ஒரு குழந்தையின் தாயிடம் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லி, அவள் அழுதுகொண்டு போனாள்.

அந்த வாயோடு உன் தங்கை முன்னால் நிற்க எனக்குப் பயம். அவளுக்கு என்னை என் கோமாளித்தனத்தால்தான் தெரியும். பஸ் படியில் அவள் முகத்தைப் பார்த்ததும் பயத்தில் ஏதாவது உளறிச் சிரிக்க வைத்துவிடுவேன். சிரித்துக்கொண்டிருக்கிறவளிடம் பிறகு அதை எப்படிச் சொல்வது?

அதனால்தான் இன்று காலை உன் சாக்கை இழுத்து உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிஷம் அவளிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். எல்லாம் மோசம். பிறகு ஒத்திகை பார்க்கவும் தெம்பில்லை. வருது, போவுது. பயம் போகவில்லை, நீ சொன்ன மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. எழுந்து பால் ஆற்றினேன். மூன்று தம்ளரில் சிந்தினேன். நேற்று ஏழு.

மணி நாலாகிறது. பக்கத்து லயத்துப் பெண்ணிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டேன். படங்கை மடித்துக் கக்கத்தில் வைத்திருக்கிறேன். அவள் கேட்பாள். நான் ஒரு மூச்சு விட்டுவிட்டு, வேடிக்கை எதுவும் சேர்க்காமல், உள்ளதைச் சொல்வேன். லயத்துக்குப் போகலாம் வா என்று அவசரப்படுத்த மாட்டேன். அங்கேயே ரோட்டோரப் புல்லில் இதை விரிப்பேன். நீ நான்காக மடித்து ஒரு ஆளுக்கு வைத்திருந்தாய். இரண்டாக மடித்தால் இரண்டு பேர் உட்காரலாம். அதில் ஒருத்தி நான் என்பதால், கொஞ்சம் நெருக்கித்தான் உட்கார வேண்டியிருக்கும்.